எழுபது மைக்ரோ விநாடிகள்

ஜூன் 22, ஞாயிறு

தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தூக்கத்துக்கு மாத்திரை கேட்கப் போனால் நோட்டுப் போடச் சொல்கிறார். வீட்டில் இருந்தது இந்த ஒரு நோட்டுதான். முதல் பதினோரு பக்கங்களில் பூங்கோதை கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். அவற்றைச் சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிட்டுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறேன்.

இன்று குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான். இரண்டு ட்ரம், நான்கு குடம் பிடித்தேன். ஓர் ஆளுக்கு இது அதிகம். போன வாரத் தண்ணீரே பாதி மிச்சமிருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தேன்.

பூங்கோதை அருப்புக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். மார்ச்சில் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவாள். சாப்டீங்களா, தண்ணி வந்துச்சா, மழை உண்டா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் நல்லாருக்கீங்களா என்பாள். நல்லாருக்கேன் என்றேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி.

ஜூன் 23, திங்கள்

ஆபீஸில் பிரச்சினை.

நாங்கள் செய்வது ரத்த வங்கிகளின் குளிர்பெட்டிகளில் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி. உள்ளே எத்தனை டிகிரி என்று திரையில் காட்டும், ஆறைத் தாண்டினால் அலறும். அவ்வளவுதான் அதன் வேலை. திண்டுக்கல் பக்கம் ஒரு ரத்த வங்கியில் வெள்ளிக்கிழமை காலை குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. கருவி அலறவில்லை. திரையில் 4.0 என்றே நின்றது. மதியம் ஒருவர் கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே பதினொன்று. ஐம்பத்தெட்டுப் பை ரத்தத்தைக் கொட்ட வேண்டியதாயிற்று.

அங்கிருக்கும் டெக்னீஷியனோடு நான்தான் பேசினேன். இரண்டு பை ஒரு பிரசவ கேஸுக்காக எடுத்து வைத்திருந்தார்களாம். வேறு இடத்திலிருந்து வாங்கிச் சமாளித்துவிட்டார்கள், தாயும் பிள்ளையும் நலம் என்றார். கருவியைக் கடைசியாக அணைத்துப் போட்டது எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

முதலாளி வரதராஜுலு வழக்கமாகச் சொல்லும் “பாத்துக்கலாமுங்க”வை இன்று மூன்று தடவை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. பதினான்கு பேர் வேலை செய்யும் எங்கள் கம்பெனியின் தரக் கொள்கையே அந்த ஒரு சொல்தான். அது வராவிட்டால் நிலைமை மோசம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

4.0 என்று காட்டியபடி உறைந்துபோன கருவி பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. எங்களிடம் இருக்கும் இன்னும் ஐந்தைச் சேர்த்து, மேஜைமேல் ஆறாக வரிசை கட்டி, கோளாறு சீக்கிரம் வரட்டும் என்று சூடான பெட்டிக்குள் வைத்து, சென்ஸர்களை மட்டும் ஒரு குளிர்பெட்டியில் விட்டு ஓடவிட்டோம். நாங்கள் என்றால் நானும் ஜெசிந்தாவும். நாகர்கோவில் பெண், ஏப்ரல் ஏழாம் தேதி சேர்ந்தவள். மூன்று மாதத் தகுதிகாண் காலம் ஜூலை ஏழு, திங்களோடு முடிகிறது. எதை எடுத்தாலும் இரண்டு முறை சரிபார்ப்பாள். மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூட.

கருவி உறைந்தால் தன்னைத் தானே மறுபடி எழுப்பிக்கொள்ள ஒரு காவல் கடிகாரம் உண்டு. எங்கள் கருவியில் அது அடுத்த பதிப்பில் வரும் என்று தள்ளி வைக்கப்பட்டது. பாத்துக்கலாமுங்க.

ஜூன் 25, புதன்

ஆறும் ஓடுகின்றன. தயிர்சாதம்.

ஜூன் 26, வியாழன்

ஓடுகின்றன. கேஸ் புக் பண்ணினேன். சிலிண்டர் ஐந்து மாதமாகிறது, இப்போதுதான் தீர்ந்தது. பதிவு செய்யும் பெண் குரல் உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. கேட்கும் என்று ஏனோ நினைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

பதினொன்றரைக்கு நான்காவது கருவி உறைந்தது. திரையில் 4.1. சென்ஸரை ஜெசிந்தா உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் 4.1.

அவளுக்கு ஒரே சந்தோஷம். தப்பு கையில் சிக்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒருகாலத்தில் இதற்காகவே காலையில் எழுந்திருக்கிறேன்.

ப்ராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தை, அதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தோம். கருவி பெரும்பாலும் சும்மா இருக்கும், அப்போது ப்ராசஸர் மெதுவாக ஓடும், குறைந்த வோல்ட் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேகமெடுக்கும். வேகமெடுக்கும் முன்னால் வோல்ட் ஏற வேண்டும். ரெகுலேட்டர் என்கிற சில்லிடம் கால் வோல்ட் ஏற்று என்று சொல்லிவிட்டு, அது ஏறி முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஓட வேண்டும். எங்கள் ப்ராசஸர் அது ஏறி முடிப்பதற்குள் ஓடத் தொடங்குகிறது. ஆயிரம் தடவை தாங்கிக்கொள்கிறது. ஆயிரத்தோராவது தடவை அப்படியே நின்றுவிடுகிறது.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள் என்பதைத் திங்கள்கிழமை பார்க்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

போன். சாப்டீங்களா. சாப்பிட்டேன். தண்ணி? நாளைக்கு வரும். நல்லாருக்கீங்களா? நல்லாருக்கேன்.

இன்று அவள் உடனே வைக்கவில்லை. அங்கே டிவி ஓடும் சத்தம் கேட்டது. ஆபீஸ் பிரச்சினையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

யார் சொல்கிறார்கள் என்றால், நாங்கள்தான்.

ஒரு போர்டில் என்னென்ன சில்லு இருக்கிறது என்று, கருவியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான கர்னலுக்குத் தானாகத் தெரியாது. நாம் ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ என்பார்கள். இந்த ரெகுலேட்டரின் பெயர் இது, குறைந்தது இத்தனை வோல்ட், அதிகபட்சம் இத்தனை, ஏறும் வேகம் இவ்வளவு என்று வரிவரியாக. எழுதியதைக் கர்னல் சரிபார்க்காது. அளந்து பார்க்காது. அப்படியே நம்பிவிடும்.

ஏறும் வேகம் என்ற வரியில் மைக்ரோ விநாடிக்கு இருபத்தைந்தாயிரம் மைக்ரோ வோல்ட் என்று இருக்கிறது. அது பழைய ரெகுலேட்டரின் வேகம். அந்தச் சில்லு சந்தையில் கிடைக்காமல் போனதால் பிப்ரவரியில் வேறு கம்பெனிச் சில்லுக்கு மாறினோம். புதியதன் வேகம் மூவாயிரத்து நூற்றிருபத்தைந்து. எட்டில் ஒரு பங்கு. எண்பது மைக்ரோ விநாடி காத்திருக்க வேண்டிய இடத்தில் பத்துதான் காத்திருக்கிறோம். எழுபது குறைகிறது. மற்ற வரிகளை எல்லாம் புதுச் சில்லுக்கு மாற்றியவர், இந்த ஒன்றைப் பழையதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்.

ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்ட ஒரு கட்டளை உண்டு. ஜெசிந்தாவே அதை அடித்தாள். எல்லா வரிக்கும் நேராக அவள் பெயர் வந்தது. ஏப்ரல் 21.

வரதராஜுலு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் அறைக்குப் போனார்.

ஏப்ரலில் பழைய கர்னலிலிருந்து புதியதுக்கு எல்லாக் கோப்புகளையும் மாற்றும் வேலையை அவளுக்குக் கொடுத்தது நான். மாற்றும்போது பழைய வரலாறு கூட வராது. யார் எழுதிய வரியாக இருந்தாலும் மாற்றியவர் பெயரில்தான் விழும். பழைய சர்வரையும் மே மாதம் துடைத்துவிட்டோம். இதை நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். தண்ணீர் வரும் நாள் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

பழைய லேப்டாப் பரணில் இருந்தது. அதில் பழைய வரலாறு முழுதும் இருக்கும் என்று எனக்கு நேற்றே தெரியும். காலையில் எடுத்துத் துடைத்து சார்ஜ் போட்டுவிட்டு ஆபீஸ் போனேன். வந்து பார்த்தேன்.

அந்த வரி என்னுடையது. பிப்ரவரி 16, மதியம் பன்னிரண்டு நாற்பது. கூடவே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன்: “பூட் ஆகிறது. மற்றவை பிறகு.”

எழுதிய ஞாபகமே இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸை நானே திறந்திருக்க வேண்டும்.

டாக்டர் எதையும் விடாமல் எழுதச் சொன்னார். எழுதுகிறேன். பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமை காலை எங்களுக்குக் குழந்தை பிறந்தது. பெண். இரண்டு கிலோ நானூறு. உயிர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்கோதையை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் போய் அவளுக்கு மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். துணியோடு திரும்பியபோது மணி நாலு.

நடுவில் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 2, புதன்

சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஜூலை 3, வியாழன்

ரத்த வங்கி எழுத்தில் பதில் கேட்கிறது. தவறு என்ன, யாருடையது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள். சனிக்கிழமைக்குள். ஜெசிந்தாவைத் திங்களோடு நிறுத்திவிடலாம் என்று வரதராஜுலு என்னிடம் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கருவி வாங்கிய மற்ற இடங்களிலிருந்தும் போன் வருகிறதாம். ஓர் ஆளை எடுத்துவிட்டோம் என்று சொன்னால் அவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள் என்றார். நான் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெசிந்தா டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“நாந்தான் செஞ்சிருப்பேன்னு நினைக்கேன் அண்ணா” என்றாள். “கோப்ப மாத்தும்போது எங்கயாவது கை பட்டிருக்கும். எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குது. செய்யலைன்னு சொல்லத் தைரியம் இல்ல.”

அவளுக்கு ஞாபகம் வராதது அவள் செய்யாததால். எனக்கு ஞாபகம் வராதது வேறு. அதை வாயைத் திறந்து சொல்லாமல், சாப்பிடு என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. பல மாதங்களுக்கு அப்புறம் இன்னது என்று பெயர் சொல்ல முடிந்த ஓர் உணர்ச்சி வந்திருக்கிறது. வெட்கம்.

ஜூலை 4, வெள்ளி

கடிதத்தை ஜெசிந்தாவையே டைப் செய்யச் சொல்லிவிட்டார் வரதராஜுலு. ஆபீஸில் அவள் இங்கிலீஷ்தான் நன்றாக இருக்கும், வழக்கமாக எல்லாக் கடிதமும் அவள்தான். யோசித்துச் செய்த கொடுமை இல்லை, பழக்கம். அவளும் மறுக்கவில்லை. தன் பெயரைத் தானே அடித்துவிட்டு, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

“தேதி எல்லாம் சரியா இருக்கான்னு ஒருக்கா பாத்துருங்க அண்ணா.”

பார்த்தேன். தவறு நடந்த நாள் ஏப்ரல் 21 என்று இருந்தது.

“தேதி தப்பு” என்றேன். “பிப்ரவரி பதினாறு.”

“நான் சேந்ததே ஏப்ரல் ஏழுதானே அண்ணா.”

“ஆமா.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். காலையில் அதைப் பையில் போட்டபோது இதற்காகத்தான் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மதியம் ரிப்பேர் கடையில் கொடுக்கலாம் என்று நினைத்ததாகத்தான் ஞாபகம்.

வரியைப் படித்தாள். பெயரைப் படித்தாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். செவ்வாயிலிருந்து என்றேன். இன்னைக்கு வெள்ளி என்றாள். பழைய லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரதராஜுலு அறையில் நின்றுகொண்டே சொன்னேன். அவர் நாட்காட்டியைப் புரட்டினார். பிப்ரவரிப் பக்கத்தில் விரலை வைத்தவர் எடுக்கவில்லை.

“பதினாறு ஞாயித்துக்கெழமைங்களே” என்றார். “அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலதானுங்க உங்க வீட்ல… யாருங்க உங்கள வரச்சொன்னா?”

“யாரும் சொல்லல சார்.”

நாட்காட்டியை மூடினார். பிறகு வேலையைப் பற்றிப் பேசினார். கடிதத்தில் என் பெயர் போகிறது. இனி என் கையெழுத்தில் மட்டும் எந்தக் கருவியும் வெளியே போகாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். காவல் கடிகாரம் இந்தப் பதிப்பிலேயே வர வேண்டும். வெளியே இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு கருவிகளுக்கும் திருத்தம் போக வேண்டும். ஜெசிந்தாவைத் திங்கள்கிழமை நிரந்தரமாக்குகிறார். நான் இரண்டு வாரம் ஆபீஸ் பக்கமே வரக்கூடாது. தண்டனையா லீவா என்று கேட்டேன். தெரியலீங்க என்றார்.

கிளம்பும் முன் வரியைத் திருத்தினேன். மூவாயிரத்து நூற்றிருபத்தைந்து. ஜெசிந்தா சில்லின் விவரத்தாளை எடுத்து, எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்து, ஆசிலாஸ்கோப்பில் அளந்தும் பார்த்த பிறகுதான் சரி என்றாள். வோல்ட் மெதுவாக ஏறியது. ப்ராசஸர் காத்திருந்தது. எண்பது மைக்ரோ விநாடி.

ஜூலை 5, சனி

காலை பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து அருப்புக்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் என்னைப் பார்த்ததும் பூங்கோதையின் அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் காபி போடுகிறேன் என்று உள்ளே போனவர் காபியோடு திரும்ப வரவில்லை. வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

பூங்கோதை முறத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். நான்கு மாதத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறேன், இரண்டு தடவையும் இதைக் கவனிக்கவில்லை.

ஆபீஸ் விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். ரெகுலேட்டர் எல்லாம் அவளுக்குத் தெரியாது, ஆனால் கேட்டாள். பதினாறாம் தேதி வந்ததும் நிறுத்தினேன்.

“துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு ஆபீஸுக்குப் போயிட்டேன்” என்றேன்.

“தெரியும். ஒங்க சட்டைப் பையில ஆபீஸ் அட்டை இருந்துச்சு.”

காயை நறுக்கிக்கொண்டேதான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். நல்லது என்றாள்.

பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். நான் எழுதியதைப் படிக்கவில்லை. கிளிப்பைக் கழற்றினாள்.

அவள் போட்ட கட்டங்கள். குழந்தையின் அசைவை எண்ணி எழுதச் சொல்லியிருந்தார்கள். காலை, மதியம், சாயங்காலம். ஒவ்வொரு வேளைக்கும் பத்து, பன்னிரண்டு, ஒன்பது, பதினொன்று. ஒருநாள் மதியம் பதினாறு என்று எழுதிப் பக்கத்தில் சிரிக்கிற முகம் வரைந்திருக்கிறாள். பதினோராம் பக்கத்தின் கடைசி வரி பிப்ரவரி 13. காலை நாலு. மதியம் ரெண்டு. சாயங்காலக் கட்டம் காலி.

அன்று மதியம் மூன்று மணிக்கு அவள் போன் பண்ணினாள். புதுச் சில்லு வைத்த போர்டுகள் அன்றுதான் வந்து இறங்கியிருந்தன. முதல் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கப்போகும் நேரம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். இதை எங்கேயும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னேன்.

“ரெண்டுதான்னு நீ சொன்ன. நான்தான் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன், படுத்துக்கோன்னு சொன்னேன். எட்டரைக்குத்தான் வந்தேன்.”

பூங்கோதை கட்டத்தின்மேல் விரலை வைத்திருந்தாள்.

“நானும் ஒரு ஆட்டோ புடிச்சுப் போயிருக்கலாம்” என்றாள். “தெருமுனையிலதான் ஸ்டாண்டு. நீங்க வர்றேன்னு சொன்னீங்கன்னு ஒக்காந்தே இருந்தேன்.”

போயிருந்தாலும் பிழைத்திருக்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. எங்களாலும் முடியாது. உள்ளே காபி கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் நோட்டை மூடினாள். வழக்கமாகப் போனின் கடைசியில் கேட்கிற அதே குரலில், நல்லாருக்கீங்களா என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.